கன்ஸ்யூமர்ஸ் டிஸ்ட்ரிபியூட்டிங் கேட்டலாக் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம். கனடாவில் 1957இல் தொடங்கி 1996இல் திவாலான கன்ஸ்யூமர்ஸ் டிஸ்ட்ரிபியூட்டிங் கடையின் கேட்டலாக்குகளைத் தேடுகிறோம். 1983 இலங்கைக் கலவரத்துக்குப் பிறகு டொரொன்டோ வந்த நம்மவர்களின் பேஸ்மென்ட் பெட்டிகளில் ஒன்றிரண்டு கிடக்கலாம், தயவுசெய்து பாருங்கள்.

ஆர்டர் படிவம் கிடைத்தால் இன்னும் நல்லது. அந்தக் காலத்தில் பொருளின் கேட்டலாக் எண்ணை அதில் எழுதிக் கவுண்டரில் நீட்டினால், பின்னாலிருக்கும் கிடங்கிலிருந்து பொருள் வரும். பல நேரம் 'ஸ்டாக் இல்லை' என்ற பதில்தான் வரும். கசக்கி எறியும் துண்டுத்தாள் என்பதால் யாரும் பத்திரப்படுத்தவில்லை.

புத்தகத்தை அனுப்ப மனமில்லாவிட்டால் ஸ்கேன் போதும். 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) எடுங்கள். அச்சுப்படம் முழுக்கப் புள்ளிகள். 300இல் எடுத்தால் அலையலையாகக் கோடு விழும். ஸ்கேனரில் அச்சுப்புள்ளிகளை மறைக்கும் 'டிஸ்கிரீன்' வசதியை அணைத்துவிடுங்கள், அதை நாங்கள் பிறகு செய்துகொள்வோம். தாள் மெல்லிசு, பின்பக்க எழுத்து தெரியும். பக்கத்துக்கு அடியில் கறுப்புத்தாள் வையுங்கள். புத்தகத்தின் முதுகை அழுத்தி விரிக்க வேண்டாம், பசை காய்ந்திருந்தால் பக்கங்கள் கொத்தாகக் கழன்றுவிடும். கழன்றால் செலோடேப் மட்டும் ஒட்டாதீர்கள், கறை பிடித்துவிடும்.

விலைப் பக்கங்கள், நகைப் பக்கங்கள், கடைசி அட்டை இவைதான் அதிகம் கிழிந்திருக்கும். இவை மட்டும் இருந்தாலும் சொல்லுங்கள்.