டைரக்ட் மடல் முகவரிக்கு மருத்துவர் தம் அடையாளத்தை ஏன் தனியாக நிறுவ வேண்டும்?

கேள்வி – கிளினிக் நிர்வாகி, ஒஹாயோ

வணக்கம். நான்கு மருத்துவர்கள் பணிபுரியும் சிறு கிளினிக் ஒன்றை நிர்வகிக்கிறேன். மருத்துவமனைகளிலிருந்து டிஸ்சார்ஜ் அறிக்கைகளைப் பெறவும், பிற மருத்துவர்களுக்கு நோயாளி விவரங்களை அனுப்பவும் டைரக்ட் முகவரி (மருத்துவத் தகவல்களைப் பாதுகாப்பாக அனுப்பவும் பெறவும் உதவும் மின்னஞ்சல் முகவரி) கோரி விண்ணப்பித்தோம். சேவை நிறுவனம் ஒவ்வொரு மருத்துவரிடமும் புகைப்பட அடையாள அட்டையும் வீட்டு முகவரிச் சான்றும் கேட்கிறது. மாநில மருத்துவ வாரியத்தின் உரிமமும், என்பிஐ எனப்படும் மருத்துவருக்கான தேசிய அடையாள எண்ணும் இருக்கும்போது ஓட்டுநர் உரிமத்தை எதற்குக் காட்ட வேண்டும் என்று எங்கள் மூத்த மருத்துவர் மறுக்கிறார். அவருக்கு என்ன சொல்வது? அதுவரை ஒருவர் பெயரில் பெற்ற முகவரியை நால்வரும் பயன்படுத்தலாமா?

பதில் 1 – சுகாதாரத் தகவல் தொழில்நுட்பப் பணியாளர்

என்பிஐ என்பது 10 இலக்க எண். அதில் ரகசியம் எதுவும் இல்லை. அரசின் இணையப் பதிவேட்டில் மருத்துவரின் பெயரைத் தட்டினால் எவருக்கும் அது கிடைத்துவிடும். ஆகவே, அந்த எண்ணைச் சொல்பவர் அந்த மருத்துவர்தான் என்பதற்கு அது சான்றாகாது.

2010இல் தொடங்கிய டைரக்ட் திட்டம், வழக்கமான மின்னஞ்சல் முறையின் மேல் எஸ்/மைம் என்ற மறையாக்க முறையையும் எக்ஸ்.509 என்ற மின்னணு அடையாளச் சான்றிதழையும் சேர்த்து உருவாக்கப்பட்டது. மறையாக்கம், மடலை வழியில் எவரும் படிக்காமல் காக்கும். மறுமுனையில் இருப்பவர் யார் என்பதைச் சொல்லாது. அதைச் சொல்வது சான்றிதழ். அச்சான்றிதழின் மதிப்போ, அதை வழங்கும் முன் நடக்கும் சரிபார்ப்பையே பொறுத்தது. முன்பின் அறியாத ஒரு மருத்துவமனை உங்கள் மருத்துவருக்கு ஒருவரின் எச்ஐவி பரிசோதனை முடிவை அனுப்பும்போது, அவரைத் தானே விசாரிப்பதில்லை; டைரக்ட் சேவை நிறுவனங்களை அங்கீகரிக்கும் டைரக்ட் டிரஸ்ட் அமைப்பின் நம்பிக்கைப் பட்டியலில் உள்ள நிறுவனம் ஏற்கெனவே விசாரித்திருக்கும் என்று நம்பித்தான் அனுப்புகிறது. அந்த நோயாளியை நினைத்துப் பார்க்கும்படி உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பதில் 2 – மருத்துவரின் மனைவி

ஆவணங்களைக் கொடுக்கும் முன் பெயர்களை ஒப்பிட்டுப் பாருங்கள் அம்மா. என் கணவரின் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டுமே இருந்ததால், விசாவில் முதற்பெயர் இடத்தில் 'எஃப்என்யூ' (முதற்பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அச்சாகி, அதுவே ஓட்டுநர் உரிமத்திலும் ஏறிவிட்டது. மருத்துவ உரிமத்திலோ தந்தையின் பெயரும் சேர்ந்திருந்தது. இணையவழிச் சரிபார்ப்பு இரண்டு முறை தோற்று, எல்லா ஆவணங்களையும் நேரில் காட்டிய பிறகே சான்றிதழ் கிடைத்தது.

பதில் 3 – மருத்துவப் பதிவேட்டுப் பொறுப்பாளர்

ஒரே முகவரியை நால்வர் பகிர்வது கூடவே கூடாது. ஹிப்பா என்ற அமெரிக்க மருத்துவத் தகவல் சட்டத்தின் பாதுகாப்பு விதி ஒவ்வொரு பயனருக்கும் தனி அடையாளம் தரச் சொல்கிறது. கிளினிக்கின் டொமைனுக்கே சான்றிதழ் பெறும் வழியும் உண்டு. அப்போது உள்ளே யார் யார் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்பதை உறுதிசெய்யும் பொறுப்பு உங்கள் தலையில் விழும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் முன்பு பணிபுரிந்த இடத்தில் ஒரு மருத்துவர் விலகிய பிறகும் அவருடைய முகவரியை யாரும் முடக்கவில்லை. அவருக்கு வந்த பயாப்ஸி முடிவு ஒன்று மூன்று வாரங்கள் திறக்கப்படாமலே கிடந்தது. அனுப்பியவருக்கு 'சேர்ந்தது' என்ற அறிவிப்பு போயிருந்ததால் அவரும் மீண்டும் விசாரிக்கவில்லை. எனவே ஒருவர் விலகும் நாளிலேயே சேவை நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. மூத்த மருத்துவரின் கண்முன்னே பதிவேட்டைத் திறந்து அவருடைய என்பிஐ எண்ணைக் காட்டினேன். சற்று நேரம் திரையைப் பார்த்திருந்துவிட்டு, ஓட்டுநர் உரிமத்தை எடுத்துக் கொடுத்தார். மற்ற மூவரின் ஆவணங்களில் பெயர்களை ஒப்பிட்டு வருகிறேன். ஒருவருடைய இனிஷியல் இப்போதே இடிக்கிறது.