ஹைவேயில் போனால் ஹீட்டர் ஜில்லென்று ஆகிறது, முள்ளும் இறங்குகிறது

பனிமூட்டம்:
கனடாவுல எட்மன்டன்ல இருக்கேன். 2013 மாடல், 1.8 லிட்டர் பெட்ரோல் வண்டி. வெளியே -22. ஊருக்குள்ள ஹீட்டர் ஓரளவு சூடா வருது. ஹைவேல 100ல போனா டெம்பரேச்சர் முள் இறங்கி, காத்து ஜில்லுனு ஆயிடுது. இன்ஜின் லைட் எரியுது, கோட் பி0128. ஒர்க்‌ஷாப்ல ஹீட்டர் கோர் (உள்ளே வர்ற காத்தைச் சூடாக்கற குட்டி ரேடியேட்டர்) மாத்தணும், டேஷ்போர்டையே கழட்டணும்ங்கறாங்க. சரியாண்ணா?

ஸ்பானர்செட்:
கோர்ல கை வைக்காதீங்க தம்பி. கோர் அடைச்சிருந்தா முள் நடுவுலயே நிக்கும், காத்து மட்டும்தான் சூடாகாது. உங்களுக்கு முள்ளே இறங்குது, அதுவும் ஹைவேல. தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடாகற வரைக்கும் கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாம அடைக்கற வால்வு) திறந்தபடியே மாட்டிக்கிட்ட லட்சணம் இது. கூலன்ட் ஓயாம ரேடியேட்டர் வழியா ஓடுது, எதிர்க்காத்து சூட்டை உறிஞ்சிடுது. பி0128க்கு அர்த்தமும் அதான்: இன்ஜின் வேண்டிய நேரத்துல சூடேறலை.

ராத்திரி முழுக்க நின்ன வண்டியை ஸ்டார்ட் பண்ணி ரேடியேட்டரோட மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்க. ஃபேன், பெல்ட் பக்கம் கை போகக் கூடாது. நல்ல தெர்மோஸ்டாட்னா ஹோஸ் ரொம்ப நேரம் சில்லுனே இருந்து, 80 டிகிரி தாண்டினப்புறம் சட்டுனு சுடும். முதல் நிமிஷத்துலேர்ந்தே மெல்ல மெல்ல வெதுவெதுப்பானா அது போயிடுச்சு. சில இன்ஜின்ல தெர்மோஸ்டாட் கீழ் ஹோஸ் பக்கம் இருக்கும். அப்போ கீழ் ஹோஸைப் பாருங்க.

கிரீஸ்கை:
ஒண்ணு விட்டுட்டீங்க. கூலன்ட் குறைஞ்சாலும் பி0128 வரும். இன்ஜின் முழுசா ஆறினப்புறம் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்க, பாட்டில் லெவலை மட்டும் நம்பாதீங்க.

கோர் சந்தேகத்தையும் தீர்த்துக்கலாம். இன்ஜின் சூடானதும் ஃபயர்வாலுக்குள்ள (இன்ஜினுக்கும் உள் கேபினுக்கும் நடுவுல இருக்கற தடுப்பு) போற ரெண்டு ஹீட்டர் ஹோஸையும் தொடுங்க. ரெண்டும் சுட்டும் காத்து ஜில்லுனா பிளெண்ட் டோர் (சூடு காத்தையும் குளிர் காத்தையும் கலக்கற கதவு) கோளாறு. ஒண்ணு சுட்டு ஒண்ணு சில்லுனா கோர் அடைப்பு, இல்லை ஏர் லாக் (குழாய்க்குள்ள காத்து சிக்கியிருக்கு).

பனிமூட்டம்:
ரேடியேட்டர் விளிம்பு வரைக்கும் நிறைஞ்சிருக்கு. ஹோஸ் ஆரம்பத்துலேர்ந்தே வெதுவெதுப்பாத்தான் ஏறுது. தெர்மோஸ்டாட்டை நானே மாத்தலாமா? அதுவரைக்கும் ரேடியேட்டர் முன்னாடி அட்டை வைக்கலாமா?

ஸ்பானர்செட்:
மாத்தலாம். கேஸ்கட்டும் புதுசாப் போடுங்க. தெர்மோஸ்டாட்ல இருக்கற சின்ன காத்து ஓட்டை மேல் பக்கம் வரணும், இல்லேன்னா காத்து உள்ளேயே தங்கிடும். ஹவுசிங் அலுமினியம், போல்ட்டை இழுத்து முறுக்கினா மரை போயிடும்.

கூலன்ட் பாதிக்குப் பாதி கலந்தா சுமார் -37 வரை உறையாது. வெறும் கூலன்ட் இன்னும் நல்லதுனு ஊத்திடாதீங்க: தண்ணி கலக்காத எத்திலீன் கிளைகால் -13லயே உறையும். ஊத்தினப்புறம் வண்டி முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டுல வச்சு, ரேடியேட்டர் ஃபேன் ஓடுற வரைக்கும் ஐடில்ல விடுங்க. குமிழி நிக்கணும். டேஷ்போர்டுக்குள்ள தண்ணி சலசலக்கற சத்தம் கேட்டா காத்து இன்னும் இருக்கு.

கிரீஸ்கை:
அட்டை ரெண்டு நாளைக்குப் பரவாயில்லை. பாதி ரேடியேட்டரை மட்டும் மறைங்க, முள்ளைப் பார்த்துக்கிட்டே ஓட்டுங்க. குளிர் குறைஞ்சதும் எடுத்துடுங்க, அப்படியே மறந்தா ஓவர்ஹீட் ஆகும்.