எம்.எஸ். நோயாளிக்கு எம்.எம்.எஸ்.இ. 29, ஆனா கவுண்டர்ல கணக்கு விட்டுப்போகுது: எதை வச்சு அளக்கலாம்?

காரைக்குடி_பிசியோ:
36 வயசுப் பெண், விட்டு விட்டு வர்ற வகை எம்.எஸ். (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், மூளை, தண்டுவட நரம்போட உறை கெடுற நோய்). நடை, கை பலம் ரெண்டும் பரவாயில்லை. நகைக்கடன் கவுண்டர்ல வேலை. எடை போட்டு, கல்லுக்குக் கழிச்சு, சீட்டு எழுதிட்டு இருக்கும்போது பக்கத்துல யாராவது ஒரு வார்த்தை கேட்டுட்டா போதும், எந்த இடத்துல விட்டோம்னு தெரியாமப் போகுது. வீட்ல மறதிங்கிறாங்க. எம்.எம்.எஸ்.இ. (ஞாபகம், மொழி எல்லாம் மேலோட்டமாப் பார்க்கிற சின்ன டெஸ்ட்) போட்டுப் பார்த்தா 30க்கு 29. தினமும் சிறுநீர்ப்பைக்கு ஆக்ஸிபியூட்டினின், தசை இறுக்கத்துக்கு பேக்லோஃபென் ரெண்டும் போகுது. தமிழ்லயே செய்யக்கூடிய டெஸ்ட் எது? ஞாபகசக்திக்கு மாத்திரை உண்டான்னும் கேட்கிறாங்க.

நியூரோசைக்_மதுரை:
எம்.எம்.எஸ்.இ.யை மறந்துடுங்க சார். அது அல்சைமர் மாதிரி நோய்களைப் பிடிக்க வந்தது. எம்.எஸ்.ல மொழியும் பொது அறிவும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். முதல்ல அடி வாங்குறது மூளையோட வேகம். எம்.எம்.எஸ்.இ.யில வேகத்தை அளக்க ஒண்ணுமே இல்லை, அதனால 29 வர்றதுல ஆச்சரியமில்லை. நீங்க சொல்ற கவுண்டர் பிரச்சினையும் மறதி இல்லை. தகவல் முழுசா உள்ளே போறதுக்குள்ள அடுத்தது வந்து விழுது.

வேகத்தை அளக்கிற எஸ்.டி.எம்.டி. டெஸ்ட் போடுங்க. மேலே 9 குறிகள், ஒவ்வொண்ணுக்கும் ஒரு எண். கீழே வரிசையா இருக்கிற குறிகளுக்கு எண்ணைச் சொல்லிக்கிட்டே போகணும், 90 விநாடி. வாயால சொல்லச் சொல்லி நீங்க எழுதிக்கோங்க. கை நடுக்கமோ மரமரப்போ இருந்தா எழுத்து முறையில மதிப்பெண் பொய்யாக் குறையும். தெரிஞ்ச குறியா பார்த்துத் தாவ விடக்கூடாது. பார்வை நரம்பு அழற்சி வந்தவங்களா இருந்தா முதல்ல கிட்டப் பார்வையைச் சோதிங்க, இல்லேன்னா கண்ணோட குறையை மூளை மேல போடுவோம்.

எண்ணைத் தமிழ்ல சொல்றாங்களா இங்கிலீஷ்லயான்னு குறிச்சு வைங்க, அடுத்த தடவையும் அதே மொழிதான். வெளிநாட்டு அட்டவணையோட ஒப்பிட்டு 'பாதிப்பு'ன்னு உடனே முத்திரை குத்த வேண்டாம். படிப்பு, வயசு, சொல்ற மொழி எல்லாம் மாறுது. அவங்களோட முதல் மதிப்பெண்தான் அளவுகோல். வருஷம் ஒரு தடவை, மாற்றுப் படிவத்துல. 4 மதிப்பெண்ணோ அதுக்கு மேலயோ இறங்கினா அதைச் சும்மா விடக்கூடாது.

ஞாபகத்தைத் தனியாப் பார்க்க, 2012ல வந்த பிக்காம்ஸ்ங்கிற எம்.எஸ். டெஸ்ட் தொகுப்புல எஸ்.டி.எம்.டி.யோட சொல்பட்டியல் ஒண்ணும் உருவ நினைவு ஒண்ணும் சேர்த்து மொத்தம் 15 நிமிஷம்தான். அந்தச் சொல்பட்டியலை நீங்களே தமிழாக்கிட வேண்டாம், சொல்லோட நீளமும் புழக்கமும் மாறினா டெஸ்டே மாறிடும். பெங்களூரு நிமான்ஸ் மருத்துவமனையோட 2004 தொகுப்புல இருக்கிற சொல் கற்றல் சோதனை நம்ம ஊருக்குப் பொருந்தும்.

நரம்பியல்_வாசகன்:
டெஸ்டுக்கு முன்னாடி மாத்திரைச் சீட்டைப் பாருங்க. ஆக்ஸிபியூட்டினின், ஞாபகத்துக்கு வேணும்கிற அசிட்டைல்கோலின்ங்கிற நரம்பு ரசாயனத்தைத் தடுக்குது, மூளைக்குள்ளயும் போகுது. சிறுநீர்ப்பைக்காகக் கொடுக்கிற மாத்திரை ஞாபகத்தை அரிக்கிறது இப்படித்தான். மிராபெக்ரானுக்கு மாத்த முடியுமான்னு நரம்பியல் டாக்டர்கிட்ட கேளுங்க. அதுவும் சிறுநீர்ப்பை மாத்திரைதான், ஆனா வேற வழியில வேலை செய்யுது, ரத்த அழுத்தத்தை மட்டும் கவனிக்கணும். பேக்லோஃபென் தூக்கக் கலக்கம் தரும், ஆனா அதைத் திடீர்னு நிறுத்தவே கூடாது, வலிப்பும் மனக்குழப்பமும் வரும். படிப்படியா, டாக்டர் சொல்லித்தான்.

கூடவே மனச்சோர்வு (எம்.எஸ்.ல ரொம்ப சகஜம், மந்தத்தை இன்னும் கூட்டும்), ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறாங்க, குறட்டை, பி12, தைராய்டு, ஹீமோகுளோபின். சிறுநீர்த் தொற்று இருந்தாலே ஆள் மந்தமாயிடுவாங்க. புதுத் தாக்குதலோ ஸ்டீராய்டு ஊசியோ முடிஞ்ச கையோட டெஸ்ட் வேண்டாம்.

நம்ம ஊர் வெயிலும் சாதாரணமில்லை. உறை போன நரம்புல உடம்புச் சூடு அரை டிகிரி ஏறினாலே மின்தூண்டல் தடுமாறும். சித்திரையில மத்தியானம் ரெண்டு மணிக்கு எடுத்த மதிப்பெண்ணையும் மார்கழி காலையில எடுத்ததையும் பக்கத்துல வச்சுப் பார்க்கிறதுல அர்த்தமில்லை. எப்பவும் காலை 9, 10 மணிக்கே வைங்க.

ஞாபக மாத்திரை: அல்சைமருக்குக் கொடுக்கிற டோனிபெசில் எம்.எஸ்.ல சின்ன ஆய்வுல நல்லாத் தெரிஞ்சுது, 2011ல வந்த பெரிய ஆய்வுல பலன் இல்லை. இன்னொரு அல்சைமர் மாத்திரை மெமாண்டினும் பலன் தரலை, சிலருக்கு எம்.எஸ். அறிகுறியே கூடிச்சு. காசைக் கரியாக்க வேண்டாம்.

ஓடி_தேவகோட்டை:
பயிற்சின்னா எனக்கு நம்பிக்கை இருக்கிறது அமெரிக்காவோட கெஸ்லர் ஆராய்ச்சி நிறுவனத்தோட கதை-நினைவு முறைதான். வாரம் 2, மொத்தம் 10 அமர்வு. முதல் நாலுல மனசுல படமாக்கக் கத்துக்கணும், அடுத்த நாலுல சம்பந்தமில்லாத சொற்களைக் கதையாக் கோக்கணும், கடைசி ரெண்டுல அதை அன்றாட வேலைக்குக் கொண்டு வரணும். கருப்பட்டி, பூட்டு, நல்லெண்ணெய், மாத்திரைன்னு பட்டியல் இருந்தா: முகப்புக் கதவுப் பூட்டுக்குள்ள கருப்பட்டி அடைச்சிருக்கு, நல்லெண்ணெய் ஊத்தினா கரைஞ்சு உள்ளே இருந்து மாத்திரை விழுது. கோணங்கித்தனமா இருந்தா ஒட்டிக்கும். கதையை அவங்களே கட்டணும். நீங்க கட்டிக் கொடுத்தா பாதிப் பலன்தான்.

கம்ப்யூட்டர் பயிற்சியில விளையாட்டு மதிப்பெண் ஏறும், கவுண்டருக்கு எவ்வளவு வந்து சேரும்ங்கிறதுதான் கேள்வி. ஆராய்ச்சியில ஒரு நாள் ஒரு மணி நேரம், வாரம் 5 நாள், 12 வாரம்னு போட்டாங்க. வாரத்துக்கு ரெண்டு தடவை பத்து நிமிஷம் போனைத் தட்டுறதுல ஒண்ணும் நடக்காது.

உடனே பலன் தர்றது வேலை முறையை மாத்துறது. எடை, கழிவு, நிகரம், தொகைன்னு கட்டம் போட்ட அட்டை ஒண்ணு தராசுக்குப் பக்கத்துல. ஒரு கட்டம் முடிஞ்சா டிக். நடுவுல யாராவது கூப்பிட்டா முதல்ல பேனாவை அடுத்த கட்டத்து மேல வைக்கணும், அப்புறம்தான் நிமிர்ந்து பார்க்கணும். கணக்கு சரிபார்ப்பு காலையில, ஃபைல் அடுக்குறது மத்தியானம். வீட்ல சாவி, கண்ணாடி, போன் மூணும் ஒரே மாடத்துல. நாலு கட்டு வீட்ல தேட ஆரம்பிச்சா அதுலயே பாதித் தெம்பு போயிடும்.

காரைக்குடி_பிசியோ:
நன்றி. நோயாளியோட மறதி, கவனம் பத்தி வீட்டார் நிரப்புற 15 கேள்விப் படிவமும் கொடுக்கலாம்னு இருக்கேன். கணவர் சிங்கப்பூர்ல, கூட இருக்கிறது மாமியார் ஆச்சி. யார் நிரப்பணும்?

நியூரோசைக்_மதுரை:
ஆச்சிதான். தினமும் பார்க்கிறவங்க சொல்றதுக்குத்தான் மதிப்பு. வீடியோ கால்ல எல்லாரும் தெளிவாத்தான் தெரிவாங்க. கேள்வியை நீங்க வாசிச்சுக் காட்டுங்க, மருமகள் அந்த அறையில இருக்க வேண்டாம். நோயாளி தானே நிரப்புறதையும் வாங்குங்க, ஆனா அது பெரும்பாலும் மனச்சோர்வைத்தான் காட்டும். அவங்க 'ரொம்ப மோசம்'னும் ஆச்சி 'ஒண்ணுமில்லையே'ன்னும் சொன்னா முதல்ல மனச்சோர்வை அளக்கிற பி.எச்.க்யூ-9 கேள்வித்தாளைப் போடுங்க. கடையில யார்கிட்டயும் அவங்க சம்மதம் இல்லாமக் கேட்டுடாதீங்க. எம்.எஸ். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டப் பட்டியல்ல இருக்கு, சான்றிதழ் வாங்கலாம். அதை வேலை இடத்துல எப்பச் சொல்றதுன்னு அவங்களே முடிவு பண்ணட்டும்.