200-600 லென்ஸுக்கும் மேக்ரோவுக்கும் ஒரே டிரைபாட் போதுமா?

தட்டான்பூச்சி (பினாங்கு)

எல்லாருக்கும் வணக்கம். கையில் இருப்பவை: சோனி ஏபிஎஸ்-சி (சற்றுச் சிறிய சென்சார்) கேமரா பாடி, தூரத்தில் இருப்பதை எடுக்க 200-600 மி.மீ. லென்ஸ், மிகச் சிறியதை அருகில் எடுக்க 90 மி.மீ. மேக்ரோ லென்ஸ். தண்ணீர்மலைப் பக்கம் தாவரவியல் பூங்காவில் லோத்தோங் குரங்கும் பறவைகளும் எடுக்க வேண்டும். மழை விட்ட மறுநாள் தெலுக் பஹாங் தேசியப் பூங்காவில் காளான், சிலந்தி, தட்டான். மாதம் ஒரு முறை கோலா சிலாங்கூர் அலையாத்திக் காடு.

இரண்டு வேலைக்கும் ஒரே டிரைபாட் வாங்க நினைக்கிறேன். கையில் 1,500 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது. மோட்டாரில்தான் போவேன், அதனால் மடக்கினால் 60 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். என் உயரம் 170 செ.மீ. நடுத்தண்டைப் படுக்க வைக்கிற மாடல் மேக்ரோவுக்கு நல்லது என்று கடையில் சொல்கிறார்கள். அது சரியா? ஒரே பால் ஹெட்டில் (கேமராவைப் பந்து மூட்டில் திருப்பும் தலை) இரண்டும் முடியுமா?

கெப்போங் மைனா

வணக்கம் தம்பி. டிரைபாட் கால் ஒன்று போதும், அதன் மேல் கேமராவைப் பிடிக்கும் தலை ஒன்று போதாது. முதலில் காலைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் பணம் வீணாவது அங்கேதான்.

200-600 மட்டும் 2,115 கிராம். கால் பட்டை (லென்ஸை டிரைபாட்டில் பூட்டும் வளையம்), பாடி எல்லாம் சேர்த்தால் 2.8 கிலோ வரும். பெட்டியில் "15 கிலோ தாங்கும்" என்று போட்டிருப்பதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அந்த எண்ணை ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விதமாக அளக்கிறது, தவிர அது உடையாமல் தாங்கும் எடை. உங்களுக்கு வேண்டியது அதிராமல் நிற்பது. அதற்குப் பார்க்க வேண்டியது குழாயின் விட்டம். மேல் குழாய் 32 மி.மீ. இருக்கட்டும். 28 மி.மீ.யில் 600 மி.மீ.க்கு ஓட்டிவிடலாம், ஆனால் காற்று வீசினால் தெரியும்.

மோட்டார் என்பதால் நாலு துண்டுக் கால்தான் சரிவரும். மூன்று துண்டுக் கால் கெட்டியானது, ஆனால் மடக்கினாலும் நீளம். 32-இல் தொடங்கும் நாலு துண்டில் கடைசிக் குழாய் 22 மி.மீ. அளவில் இருக்கும், மூன்று துண்டில் 25. சுவரின் தடிமன் ஒன்றாக இருந்தால் விறைப்பு விட்டத்தின் மும்மடிக்குப் போகும். அதாவது அந்த 3 மி.மீ. வித்தியாசத்துக்கே விறைப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு மாறும். அதனால் நாலு துண்டு வாங்கினாலும் கடைசித் துண்டை முழுதாக இழுக்காமல் வேலை முடியும்படி உயரத்தைக் கணக்குப் பண்ணுங்கள்.

170 செ.மீ. ஆளுக்குக் கண் மட்டம் சுமார் 158. கிம்பலும் (கனமான லென்ஸைச் சமநிலையில் பிடித்து எளிதாகத் திருப்பும் தலை) கேமராவும் சேர்ந்து 25 செ.மீ. எடுத்துக்கொள்ளும். மிச்சம் 133. இது நேராகப் பார்க்கும்போது. மரத்து உச்சியில் இருக்கும் இருவாட்சியைப் பார்க்க லென்ஸை 30 பாகை தூக்கினால், சுழலும் அச்சுக்கு 25 செ.மீ. பின்னால் இருக்கும் வியூஃபைண்டர் 12 செ.மீ. கீழே இறங்கிவிடும், நீங்கள் குனிய வேண்டி வரும். சரிவில் நிற்கும்போது கீழ்ப்பக்கக் காலுக்கு இன்னும் நீளம் தேவை. எனவே நடுத்தண்டு இல்லாமலே 145 செ.மீ.க்குக் குறையாத கால் பாருங்கள்.

நடுத்தண்டு வேண்டவே வேண்டாம். மூன்று காலின் மேல் ஒற்றைக் காலை நட்டு அதன் உச்சியில் 2.8 கிலோவை வைப்பதுதான் அது. தவிர, காலை அகல விரித்தாலும் தண்டு தரையில் இடித்துக்கொண்டு கேமராவைத் தாழ விடாது. தண்டு இல்லாத மாடலில் கால்கள் 80 பாகைக்கு மேல் விரியும், தலை தரையிலிருந்து 10 செ.மீ.க்கு வந்துவிடும். உங்கள் காளானுக்கும் இதுதான் பதில்.

கடையிலேயே சோதித்துப் பாருங்கள். கால்களை முழுதாக நீட்டி, உங்கள் லென்ஸைப் பூட்டி, 600-இல் தூரத்து எழுத்து ஒன்றைத் திரையில் 10 மடங்கு பெரிதாக்குங்கள். லென்ஸ் ஹுட்டை விரலால் ஒரு தட்டு. படம் ஒரு வினாடிக்குள் அடங்கினால் நல்ல கால். அடங்காமல் ஆடிக்கொண்டே இருந்தால், எந்த பிராண்டாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

மழைக்காளான்

மேக்ரோ பக்கம் நான் சொல்கிறேன்.

படுக்கும் நடுத்தண்டு கடையில் பார்க்க வசதியாகத்தான் தெரியும். தண்டைப் பக்கவாட்டில் நீட்டினதும் எடை ஒரு பக்கம் தொங்கும், ஷட்டர் அழுத்தின அதிர்வு அடங்க நேரம் பிடிக்கும், மெதுவான ஷட்டரில் எல்லாம் கலங்கும். கெப்போங் அண்ணன் சொன்ன விரியும் கால் போதும்.

ஆனால் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள்: டிரைபாட் அசையாத பொருளுக்கு. காளான், குடுவைச் செடி, விடியலில் பனி பிடித்து உறங்கும் தட்டான், இவற்றுக்கு அருமை. குதிக்கும் சிலந்திக்கு டிரைபாட் விரிக்கும் நேரத்தில் அது அடுத்த இலைக்குப் போயிருக்கும். அதற்குக் கையில் பிடித்து, ஃபிளாஷும் பெரிய டிஃப்யூசரும் (ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் திரை). ஃபிளாஷின் துடிப்பு மிகக் குறுகியது என்பதால் கை ஆட்டத்தை அதுவே உறைய வைத்துவிடும். சிலந்திக்காக டிரைபாட் பட்ஜெட்டைக் கூட்ட வேண்டாம்.

அசையாத பொருளுக்கு என்ன கணக்கு என்றால், 1:1 உருப்பெருக்கத்தில் (பொருள் சென்சாரில் அதன் நிஜ அளவிலேயே விழும்போது) லென்ஸின் துளையை எஃப் 8-இல் வைத்தால் ஏபிஎஸ்-சி சென்சாருக்குக் கூர்மை ஆழம் சுமார் 0.6 மி.மீ.தான். 1:2-க்கு வந்தால் 1.9 மி.மீ. அளவுக்கு ஏறும். எஃப் 22-க்கு மூடி ஆழம் வாங்கலாம் என்று தோன்றும், ஆனால் 1:1-இல் எஃப் 8 வைத்தாலே உண்மையில் எஃப் 16 போல நடக்கும். இன்னும் மூடினால் ஒளியின் விளிம்பு விளைவால் (டிஃப்ராக்ஷன்) படம் முழுக்க மழுங்கிவிடும். அதனால் கூர்மை விழும் இடத்தைச் சற்றுச் சற்று நகர்த்திப் பல படம் எடுத்து, பிறகு ஒரே படமாக அடுக்குவதுதான் வழி. 1:1-இல் ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் 0.4 மி.மீ. நகர்த்துங்கள். 10 மி.மீ. ஆழமுள்ள காளான் தொப்பிக்கு 25 படம் ஆகும். அத்தனை படத்துக்கும் கேமரா ஒரு மயிரிழை நகரக் கூடாது.

இங்கேதான் பால் ஹெட் காலை வாரும். திருகை இறுக்கிக் கையை விட்டதும் படச் சட்டம் ஒரு துளி கீழே சரியும். பறவைக்கு அது தெரியாது, 1:1-இல் காளான் தொப்பியே சட்டத்தை விட்டு வெளியே போகும். மலிவான பால் ஹெட் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் மேலே வைத்து இறுக்கிப் பழகிக்கொள்கிறார்கள். ஒழுங்கான தீர்வு கியர் ஹெட்: மூன்று குமிழைத் திருகி மூன்று அச்சிலும் நூல் நூலாக நகர்த்தலாம், கையை விட்டாலும் சரியாது. பழைய மான்ஃப்ரோட்டோ 410 செகண்ட் ஹாண்டில் கிடைத்தால் நல்ல சாமான், 5 கிலோ தாங்கும். அதன் தகடு மான்ஃப்ரோட்டோவின் சொந்த வகை, ஆர்க்கா வகை (பல கம்பெனிகளும் பின்பற்றும் தகட்டு வடிவம்) இல்லை. மேலே ஒரு ஆர்க்கா கிளாம்ப் பூட்ட வேண்டும்.

உங்கள் 90 மி.மீ.க்குக் கால் பட்டை கிடையாது, பாடியில்தான் பூட்ட முடியும். செங்குத்துப் படத்துக்குத் தலையைச் சாய்த்தால் எடை ஒரு பக்கம் போகும், சட்டமும் இடம் மாறும். எல் வடிவத் தகடு ஒன்று வாங்கிவிடுங்கள். காற்றுக்கு, செடித் தண்டைப் பிடிக்கும் வளையும் கிளிப் ஒன்றை டிரைபாட் காலில் மாட்டாமல் தனிக் குச்சியில் மாட்டுங்கள். காலில் மாட்டினால் செடியின் ஆட்டம் கேமராவுக்கு வந்துவிடும்.

புக்கிட் கியாரா அக்கா

கோலா சிலாங்கூர் போகிறீர்கள் என்பதால் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள் தம்பி.

சேற்றில் நிறுத்தும்போது பெரும்பாலானவர்கள் மேல் துண்டை நீட்டிவிட்டு, கடைசித் துண்டை உள்ளேயே விட்டுவிடுகிறார்கள். அப்போது கடைசிப் பூட்டு நேராகச் சேற்றுக்குள் போகும். கடைசித் துண்டை முதலில் ஒரு சாண் இழுத்துவிட்டு, பூட்டு சேற்றுக்கு மேலே இருக்கும்படி வைத்து, பிறகு மேல் துண்டுகளில் உயரத்தைச் சரி செய்யுங்கள். இளகின சேறு என்றால் ஒவ்வொரு காலுக்கும் அடியில் அகலமான பிளாஸ்டிக் மூடி.

அலையாத்தியில் இருப்பது உப்பு நீர். வீட்டுக்கு வந்த அன்றே டிரைபாட்டின் கால்களை முழுதாக நீட்டி நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் உப்பு காய்ந்து மரையில் மணலைப் போல் அரைக்கும். முறுக்குப் பூட்டைக் கழற்றும்போது ஒரு நேரத்தில் ஒரு காலை மட்டும் பிரியுங்கள். உள்ளே இரண்டு அரைவட்டப் பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கும், அவற்றின் மேடு குழாயிலுள்ள துளையில் உட்கார வேண்டும். மாற்றிப் போட்டால் கால் தானாகச் சுழலும், பூட்டு இறுகாது. மரைக்கு மட்டும் மெல்லிசாகக் கிரீஸ். டபிள்யூடி-40 அடிக்காதீர்கள், அது இருக்கிற கிரீஸையும் கரைத்துவிடும். துண்டுகளை நீட்டினபடியே காற்றாட ஒரு இரவு வைத்துவிட்டு மடக்குங்கள். நம் ஊர்க் காற்றில் ஈரத்தோடு மடக்கினால் உள்ளே காயவே காயாது.

மரப்பலகை நடைபாதையில் யார் நடந்தாலும் பலகை அதிரும், எவ்வளவு நல்ல டிரைபாட்டும் அதைத் தடுக்காது. பலகைக்கு அடியில் குறுக்குச் சட்டம் போகும் இடம் ஆணி வரிசையில் தெரியும். காலை அந்த வரிசையின் மேல் வைத்தால் அதிர்வு பாதியாவது குறையும். ஆள் வந்தால் ஷட்டரை 1/1000 வினாடிக்கு ஏற்றுங்கள். கைப்பிடிக் கம்பி உயரம் சரியாக இருந்தால் டிரைபாட்டை விட பீன் பேக் (லென்ஸைத் தாங்க வைக்கும் சிறு மெத்தைப் பை) மேல். உள்ளே அரிசியும் பயறும் போட்டால் இந்த ஈரத்தில் வண்டு வரும், பூசணம் பிடிக்கும். பிளாஸ்டிக் குருணை போடுங்கள்.

தட்டான்பூச்சி (பினாங்கு)

மூன்று பேருக்கும் நன்றி. ஆக காலுக்கே பெரும்பங்கு போகும் போல. கிம்பல், கியர் ஹெட் இரண்டையும் இப்போதே வாங்க முடியாது. தெலுக் பஹாங் ஏற்ற இறக்கத்தில் இரண்டையும் தூக்கவும் முடியாது. வேறு வழி?

கெப்போங் மைனா

இருக்கிறது. பால் ஹெட் ஒன்று, அதில் பக்கவாட்டில் மாட்டும் அரைக் கிம்பல் ஒன்று. பால் ஹெட்டின் தண்டை 90 பாகைப் பள்ளத்தில் சாய்த்து இறுக்கி, கிளாம்பில் அரைக் கிம்பலைப் பூட்ட வேண்டும். மேலும் கீழும் கிம்பல் ஆடும், இடமும் வலமும் பால் ஹெட்டின் அடித்தட்டு சுழலும். உங்கள் லென்ஸ் எடைக்கு இது தாராளம். இரண்டு நிபந்தனை: பந்தின் விட்டம் 40 மி.மீ.க்குக் குறையக் கூடாது, அடித்தட்டுச் சுழற்சிக்குத் தனித் திருகு இருக்க வேண்டும். காளானுக்கு அரைக் கிம்பலைக் கழற்றிவிட்டால் அதே பால் ஹெட். கியர் ஹெட்டைப் பிறகு பார்க்கலாம், எல்லாம் ஒரே 3/8 அங்குல மரைதான்.

200-600-இன் கால் பட்டையில் ஆர்க்கா வெட்டு இல்லை. 10 செ.மீ.க்குக் குறையாத தகடு ஒன்றை இரண்டு திருகால் பூட்டுங்கள், ஒரு திருகு என்றால் சுழலும். தகட்டின் இரு முனையிலும் தடுப்புத் திருகு இருக்கட்டும். கிளாம்ப் இளகினால் லென்ஸ் தரையில் விழாமல் காப்பது அதுதான்.

சமன்படுத்தும் முறை: முதலில் டிரைபாட்டின் மேல்தட்டு மட்டமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பறவையோடு திரும்பும்போது அடிவானம் சாயும். கிளாம்பைச் சற்றுத் தளர்த்தி, ஒரு கை லென்ஸின் மேலேயே இருக்க, முன்னும் பின்னும் நகர்த்துங்கள். மூக்கு கீழே போனால் பின்னால் தள்ளுங்கள். விட்ட கோணத்திலேயே நின்றால் சமன், கிளாம்பை இறுக்கிவிட்டுத் தகட்டில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். இந்த லென்ஸ் ஜூம் பண்ணும்போது வெளியே நீளாது என்பதால் 200-இலும் 600-இலும் சமன் அவ்வளவாக மாறாது. நீளும் வகை 150-600 வைத்திருப்பவர்கள் 600-இல் வைத்துச் சமன் பார்க்க வேண்டும்.

மழைக்காளான்

ஒன்று விட்டுப்போயிற்று. காளானுக்கு டிரைபாட்டில் பூட்டியதும் பாடியிலும் லென்ஸிலும் ஸ்டெடிஷாட்டை (கை ஆட்டத்தை ஈடுகட்டும் வசதி) அணைத்துவிடுங்கள், 2 வினாடி டைமர் போடுங்கள். கிம்பல் தளர்ந்த நிலையில் பறவையைத் தொடரும்போது ஸ்டெடிஷாட்டை மறுபடி போட்டு, மோட் 2-இல் (பக்கவாட்டில் தொடர்வதற்கான நிலை) வையுங்கள். பையை டிரைபாட்டில் தொங்கவிட்டால் அதன் அடி தரையைத் தொட வேண்டும். அந்தரத்தில் தொங்கினால் காற்றில் ஊசலாடி அதுவே அதிர்வைக் கொண்டுவரும்.