ஜெர்மனிக்கு விற்கும் கடைக்கு சர்வர் எங்கே: மும்பையா, பிராங்க்பர்ட்டா?

கரூர்த்தறி
வணக்கம். எங்கள் யூனிட் கரூரில். மேசை விரிப்பு, சமையலறைத் துண்டு, திரைச்சீலை எல்லாம் இதுவரை பையிங் ஏஜெண்ட் வழியாகத்தான் ஜெர்மனிக்குப் போகிறது. இப்போது சிறிய அளவில் நேரடியாக விற்றுப் பார்க்கலாம் என்று வூகாமர்ஸில் (இணையக்கடை நடத்தும் மென்பொருள்) ஒரு கடை கட்டிக்கொண்டிருக்கிறேன். வாங்குபவர்கள் ஹாம்பர்க், பெர்லின், முனிச் பக்கம். ஸ்டாக் கணக்கு இங்கே ஆபீஸில், டேலி கணக்கு மென்பொருளில். சர்வரை மும்பையில் எடுக்கவா, பிராங்க்பர்ட்டில் எடுக்கவா? ஜெர்மனியில் ஹோஸ்ட் செய்தால்தான் அங்கே கூகுளில் மேலே வரும் என்கிறார் டிசைனர். உண்மையா?

கடலடிக்கம்பி
பிராங்க்பர்ட். யோசிக்கவே வேண்டாம்.

மும்பையிலிருந்து பிராங்க்பர்ட் நேர்கோட்டில் ஏறத்தாழ 6,500 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். போய்வர 65 மில்லிவினாடி. எவ்வளவு காசு கொட்டினாலும் அதற்குக் கீழே போக முடியாது. கம்பியோ நேர்கோட்டில் போவதில்லை. அரபிக்கடல், செங்கடல், எகிப்து, மத்தியதரைக்கடல் என்று சுற்றிப் போகிறது. நடைமுறையில் சுமார் 120 மில்லிவினாடி வரும். பக்கம் திறக்க, இணைப்பைத் தொடங்கும் டிசிபிக்குப் போய்வர ஒரு சுற்று, அதை யாரும் படிக்காதபடி பூட்டும் டிஎல்எஸ் 1.3க்கு ஒரு சுற்று, பக்கத்தைக் கேட்க ஒரு சுற்று. பக்கத்தின் முதல் பைட் (முதல் துளி டேட்டா) வருவதற்குள் 360 மில்லிவினாடி காலி. அதற்கு மேல் சர்வரில் பக்கத்தைத் தயாரிக்கும் பிஎச்பி நிரல் யோசிக்கும் நேரம் வேறு. பிராங்க்பர்ட்டில் இருந்தால் ஹாம்பர்க்காரருக்கு மூன்று சுற்றும் சேர்ந்து 50க்குள் முடிந்துவிடும்.

ரூபாய்க்கணக்கு
சிடிஎன் (தளத்தின் நகலைப் பல ஊர்களில் வைத்து, பார்ப்பவருக்குப் பக்கத்திலிருந்து கொடுக்கும் சேவை) என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டுப் பேசுகிறீர்கள், அண்ணா. முன்னால் ஒரு சிடிஎன் போட்டால் டிசிபி, டிஎல்எஸ் இரண்டும் பிராங்க்பர்ட்டில் இருக்கும் அவர்கள் பெட்டியோடு முடிந்துவிடும். அந்தப் பெட்டி மும்பை சர்வரோடு ஏற்கெனவே திறந்த இணைப்பை வைத்திருக்கும். கடலைத் தாண்டுவது ஒரே ஒரு சுற்று. உங்கள் 360 இங்கே 120 சொச்சம் ஆகிவிடும். படம், சிஎஸ்எஸ் (பக்கத்தின் அலங்காரக் கோப்பு) எல்லாம் அங்கேயே சேமிப்பில் கிடக்கும்.

கரூர் நண்பருக்கு யாரும் சொல்லாத விஷயம் பணம் கட்டுவது. 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் ஆட்டோ டெபிட் விதி வந்ததிலிருந்து பல வெளிநாட்டு நிறுவனங்களின் மாதச் சந்தா நம் கார்டில் தானாகப் பிடிபடுவதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பின்னலாடைக் கடையில் கார்டு தோற்றுப்போன மெயிலை யாரும் பார்க்கவில்லை. ஐரோப்பிய ஹோஸ்டிங்காரர் சர்வரை நிறுத்திவிட்டார், அதுவும் கிறிஸ்துமஸ் விற்பனை நேரத்தில். போன் போட்டுக் கேட்க ஆள் இல்லை, டிக்கெட்தான். இது போதாதென்று வெளிநாட்டுச் சேவைக்கு ரிவர்ஸ் சார்ஜில் 18 சதவீத ஜிஎஸ்டியை நாமே கட்டி, அப்புறம் உள்ளீட்டு வரியாக எடுக்க வேண்டும். மும்பையில் எடுத்தால் ரூபாயில் பில், யுபிஐயில் பணம், தமிழில் திட்டலாம்.

கடலடிக்கம்பி
கார்டு கதை நியாயம்தான். ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டிவிட்டால் அதோடு தீர்ந்தது.

ஆனால் சிடிஎன் போட்டால் எல்லாம் அங்கேயே கிடக்கும் என்பது பாதிக் கதை. கிளவுட்ஃபிளேர் என்ற சிடிஎன்னை அப்படியே போட்டால் படத்தையும் ஸ்கிரிப்டையும்தான் சேமிக்கும். எச்டிஎம்எல் பக்கத்தைச் சேமிக்காது. நாமாக விதி எழுத வேண்டும். விதி எழுதினாலும் வாங்குபவர் ஒரு துண்டைக் கூடையில் போட்டதும் அவரை அடையாளம் காட்டும் குக்கி வந்துவிடும். கூடை, முகவரி, ஷிப்பிங் கட்டணம், பணம் கட்டும் பக்கம் இதில் எதையும் சேமிக்கக் கூடாது. சேமித்தால் ஒருவர் கூடை இன்னொருவருக்குத் தெரியும். சும்மா பார்த்துவிட்டுப் போகிறவருக்கு வேகம், பர்ஸை எடுத்தவருக்குத் தாமதம் என்று ஆகிவிடுகிறது. செக்அவுட்டில் பின்கோடு மாற்றினால் ஒரு அழைப்பு, கூப்பன் போட்டால் ஒரு அழைப்பு. ஒவ்வொன்றும் மும்பை போய் வர வேண்டும்.

ரூபாய்க்கணக்கு
120 மில்லிவினாடியில் ஆர்டரை ரத்து செய்கிற ஜெர்மன்காரரை நான் இன்னும் பார்க்கவில்லை :) முதல் பைட் 800 மில்லிவினாடிக்குள் வந்தால் நல்லது என்று கூகுளே சொல்கிறது. மும்பையில் நல்ல சர்வர் அதற்குள் அடங்கும். மலிவான ஷேர்டு ஹோஸ்டிங்கில் 200 கடைகளோடு நெருக்கிக்கொண்டு கிடந்தால் பிராங்க்பர்ட்டாக இருந்தாலும் இரண்டு வினாடி எடுக்கும். ஊரை விட இயந்திரம் முக்கியம்.

கரூர்த்தறி
இரண்டு பேரும் சொல்வதைப் பார்த்தால் நடுவழி ஒன்று தோன்றுகிறது. கடை பிராங்க்பர்ட்டில், டேட்டாபேஸ் மட்டும் டேலிக்குப் பக்கத்தில் சென்னையில். சரியா?

கடலடிக்கம்பி
ஐயையோ, வேண்டாம் தம்பி.

ரூபாய்க்கணக்கு
இதில் நானும் அண்ணன் கட்சிதான். வூகாமர்ஸ் ஒரு பக்கத்துக்கு டேட்டாபேஸை ஒரு தடவை கேட்டு நிறுத்தாது. ஒன்றன்பின் ஒன்றாக 40 கேள்வி கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் கடல் கடந்து 120 எடுத்தால் ஒரு பக்கத்துக்கு 4.8 வினாடி. சர்வரும் டேட்டாபேஸும் ஒரே அறையில் இருக்க வேண்டும். டேலியிலிருந்து ஸ்டாக்கை மணிக்கு ஒரு தடவை அனுப்பினால் போதும். அது 120 எடுத்தால் என்ன, 1,200 எடுத்தால் என்ன?

கடலடிக்கம்பி
பாருங்கள், அவரே என் வாதத்தைச் சொல்லிவிட்டார். கரூர் பக்கம் இருக்கும் வேலை காத்திருக்கும், ஜெர்மன் பக்கம் இருக்கும் வேலை காத்திருக்காது. அப்படியானால் சர்வர் யார் பக்கம் இருக்க வேண்டும்?

2025 செப்டம்பரில் சவூதியின் ஜித்தா அருகே கடலடி இணையக் கம்பிகள் அறுந்தது நினைவிருக்கும். 2024 தொடக்கத்திலும் செங்கடலில் இதே கதை. அன்றைக்கு சர்வர் மும்பையில் இருந்திருந்தால் தாமதத்தைப் பார்த்திருப்பவர் வாங்குபவர். பிராங்க்பர்ட்டில் இருந்திருந்தால் ஆர்டர் பட்டியலைத் திறக்க நீங்கள் கொஞ்சம் காத்திருப்பீர்கள், அவ்வளவுதான்.

ரூபாய்க்கணக்கு
கம்பி அறுந்தால் வேறு கம்பியில் சுற்றி வரும், மெதுவாக வரும். கட்டடமே எரிந்தால்? 2021 மார்ச் 10 அன்று ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச் என்ற பிரெஞ்சு ஹோஸ்டிங் நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று முழுக்க எரிந்தது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்களில் பலருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. ஐரோப்பா என்றால் கல்லில் செதுக்கியது மாதிரி பேச வேண்டாம்.

சட்டப்புள்ளி
அந்தத் தீ மும்பைக்கு ஓட்டுப் போடவில்லை, நண்பரே. பேக்கப்பை வேறு ஊரில் வை என்கிறது, அவ்வளவே.

டிசைனர் சொன்னதை யாரும் தொடவில்லையே. சர்வர் இருக்கும் நாட்டை கூகுள் ஒரு சின்னக் குறிப்பாகப் பார்க்கலாம், அதிலேயே முடிவெடுப்பதில்லை. ஆளாளுக்கு சிடிஎன் வைத்திருக்கும்போது அதை நம்பவும் முடியாது. கடை ஜெர்மனிக்கு என்று காட்டுவது .டிஇ டொமைன், ஒழுங்கான ஜெர்மன் மொழி, யூரோ விலை. பல மொழியில் இருந்தால், எந்தப் பக்கம் எந்த மொழிக்கு என்று கூகுளுக்குச் சொல்லும் எச்ரெஃப்லாங் குறிச்சொல். தள உரிமையாளர்களுக்கு கூகுள் தரும் சர்ச் கன்சோலில் நாட்டைத் தேர்ந்தெடுக்கும் வசதி முன்பு இருந்தது, 2022இல் அதையும் எடுத்துவிட்டார்கள். பழைய யூடியூப் வீடியோ பார்த்து அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஜெர்மன்காரர்கள் புதுக் கடையில் நுழைந்தால் பலரும் முதலில் தேடுவது இம்ப்ரெசும் பக்கம்: யார் நடத்துகிறார், முகவரி என்ன, தொடர்பு எப்படி. அது இல்லாத கடையை நம்ப மாட்டார்கள். பிராங்க்பர்ட் ஐபி முகவரி அந்தக் குறையை மறைக்காது.

அப்புறம் ஜிடிபிஆர், அதாவது ஐரோப்பிய ஒன்றியத்தின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம். 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஐரோப்பியருக்கு விற்கும் கடை என்றால் சர்வர் கரூரில் இருந்தாலும் பொருந்தும், நிலாவில் இருந்தாலும் பொருந்தும். பிராங்க்பர்ட்டில் வைத்துவிட்டேன், சட்டம் முடிந்தது என்று நினைப்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: ஆர்டரைப் பிரித்து முகவரி ஒட்டுவது கரூரில்தானே? விவரம் இந்தியா வந்துதான் ஆகும். அதைத் தனியுரிமைப் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

இன்னொன்று, உங்கள் தீம் (கடையின் தோற்ற வடிவமைப்பு) கூகுள் ஃபாண்டை, அதாவது எழுத்துருவை, நேராக கூகுளிடமிருந்து இழுக்கிறதா என்று பாருங்கள். பார்வையாளரின் ஐபி முகவரி அதனால் அமெரிக்கா போகிறது என்று 2022 ஜனவரியில் முனிச் நீதிமன்றம் ஒரு தள உரிமையாளரை 100 யூரோ கொடுக்கச் சொன்னது. அந்த வருடம் முழுக்க ஜெர்மனியில் சிறு கடைக்காரர்களுக்கு மிரட்டல் கடிதம் பறந்தது. ஃபாண்ட் கோப்பை உங்கள் சர்வரிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ரூபாய்க்கணக்கு
இம்ப்ரெசும், ஃபாண்ட் இரண்டும் பயனுள்ள தகவல். ஆனால் பாருங்கள், சட்டமும் கூகுளும் சர்வர் ஊரைக் கண்டுகொள்வதில்லை என்றுதானே ஆகிறது? எஞ்சியிருப்பது செக்அவுட் வேகம் மட்டும். அதற்காக முதல் வருடமே வெளிநாட்டு பில்லில் மாட்ட வேண்டாம் என்பதுதான் என் கட்சி. ஆர்டர் நன்றாக வர ஆரம்பித்தால் மாற்றுங்கள். வூகாமர்ஸை இடம் மாற்றுவது ஒரு ராத்திரி வேலை.

கடலடிக்கம்பி
ஆர்டர் வர ஆரம்பித்த கடையை ராத்திரியில் இடம் மாற்றியிருக்கிறீர்களா? மாற்றும் நேரத்தில் பழைய சர்வரில் விழுந்த ஆர்டரைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். காலியாக இருக்கும்போதே சரியான இடத்தில் வைப்பது சுலபம். விலையும் நீங்கள் சொல்கிற மாதிரி இல்லை. அமேசானின் சர்வர் சேவையிலேயே வெளியே போகும் டேட்டாவுக்கு பிராங்க்பர்ட்டில் ஜிபிக்கு 9 சென்ட், மும்பையில் 11 சென்ட் பக்கம். ஜெர்மன் கம்பெனிகளிடம் இன்னும் மலிவு.

கரூர்த்தறி
எல்லோருக்கும் நன்றி. பிராங்க்பர்ட் பக்கம் சாய்கிறேன், வருடச் சந்தாவாக. பேக்கப் மும்பையில். முகப்புப் பக்கத்தை இப்போதே சோதித்துப் பார்த்தேன், 11 வினாடி எடுக்கிறது. சர்வர் மாறினால் சரியாகிவிடும்தானே?

ரூபாய்க்கணக்கு
முகப்பில் படங்கள் எவ்வளவு பெரியவை?

கரூர்த்தறி
போட்டோகிராபர் கொடுத்ததை அப்படியே ஏற்றினேன். 8 படம், ஒவ்வொன்றும் 5 எம்பி இருக்கும்.

கடலடிக்கம்பி
தம்பி, சர்வரை ஹாம்பர்க் ரயில் நிலையத்திலேயே வைத்தாலும் 40 எம்பி 40 எம்பிதான். வெப்பி (WebP) என்ற சுருங்கிய பட வடிவத்துக்கு மாற்றி ஒவ்வொன்றையும் 150 கேபிக்குள் கொண்டு வாருங்கள். மும்பையா பிராங்க்பர்ட்டா என்பதை அதற்கப்புறம் அளந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.

ரூபாய்க்கணக்கு
அளக்கும்போது கரூரிலிருந்து அளக்காதீர்கள். வெப்பேஜ்டெஸ்ட் என்ற வேகச் சோதனைத் தளத்தில் ஜெர்மனியைத் தேர்ந்தெடுங்கள், மொபைலில் வைத்து, கூடையில் ஒரு பொருளோடு.