ஸ்டார் கவுண்டியின் வாக்குச்சாவடி வாரியான முடிவுகள் தேவை

அனைவருக்கும் வணக்கம். டெக்சாஸின் தென்கோடியில், மெக்சிகோ எல்லையை ஒட்டிய ஸ்டார் கவுண்டியின் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) வாக்களிப்புப் போக்கைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். மக்களில் 95 விழுக்காட்டுக்கும் மேல் ஹிஸ்பானியர்களாக (ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் வம்சாவளியினராக) உள்ள இந்தக் கவுண்டியில், 2016 அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் ஹிலாரி கிளின்டன் ஏறத்தாழ 79 விழுக்காடு வாக்குகள் பெற்றார். 2020இல் அதே கட்சியின் பைடன் 52 விழுக்காட்டுடன் தப்பித்தார். 2024இல் டிரம்ப் சுமார் 58 விழுக்காடு பெற்று வென்றார். 1892க்குப் பிறகு குடியரசுக் கட்சி வேட்பாளர் ஒருவர் அங்கே முந்தியது அதுவே முதல் முறை.

டெக்சாஸில் வாக்காளராகப் பதிவு செய்யும்போது கட்சியைக் குறிப்பிடுவதில்லை என்பதால், பழைய ஜனநாயகக் கட்சி ஆதரவாளர்களே மனம் மாறினார்களா, முன்பு வாக்களிக்காதவர்கள் புதிதாக வந்தார்களா என்பதைப் பதிவேட்டை மட்டும் வைத்துப் பிரித்தறிய முடியவில்லை. போதாக்குறைக்கு, ஒரே ஒரு கட்டத்தைக் குறித்து ஒரு கட்சியின் எல்லா வேட்பாளர்களுக்கும் வாக்களிக்கும் வசதி 2020இல் நீக்கப்பட்டதால், உள்ளூர்ப் பதவிகளுக்கான எண்ணிக்கையை 2016உடன் ஒப்பிடவும் தயக்கமாக இருக்கிறது. (இந்த மாற்றத்துக்கு விலைவாசிதான் காரணம் என்று ஒரே வரியில் முடிப்பது எனக்கு அவசரத் தீர்ப்பாகவே படுகிறது.)

இந்த மூன்று தேர்தல்களின் வாக்குச்சாவடி வாரியான முடிவுகளும், குறிப்பாக ரோமா, ரியோ கிராண்டே சிட்டி ஊர்களுக்கானவை, சாவடி எல்லை வரைபடங்களும் யாரிடமாவது இருந்தால் பகிருமாறு வேண்டுகிறேன். எக்செல் கோப்பாக இருந்தால் நல்லது; ஸ்கேன் செய்த பக்கங்களானாலும் நானே தட்டச்சு செய்துகொள்கிறேன்.