மறு: ‘ஸ்மார்ட் ஹோம் எகோசிஸ்டம்’ – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

குழுவினர் எல்லோருக்கும் வணக்கம்.

வயரிங் வேலை செய்பவர்களுக்கும் புது வீடு கட்டுபவர்களுக்கும் நாம் எழுதிவரும் கையேட்டில் மற்ற சொற்கள் ஓரளவு படிந்துவிட்டன. ‘ஸ்மார்ட் ஹோம் எகோசிஸ்டம்’, அதாவது ஒன்றாகச் சேர்ந்து இயங்கும் வீட்டு விளக்கு, சுவிட்ச் போன்ற கருவிகளின் தொகுப்பு, இந்த ஒன்றுதான் இழுத்துக்கொண்டே போகிறது. இதுவரை வந்த மூன்று பரிந்துரைகளுக்கும் பதில் எழுதுகிறேன்.

> சூழ்மண்டலம் என்றே வைக்கலாம். பாடப்புத்தகத்தில் ‘சூழ்நிலை மண்டலம்’ ஏற்கெனவே இருக்கிறது.

இருக்கிறது, ஆனால் அங்கே அது குளத்துக்கும் காட்டுக்கும் உரிய சொல். குளத்தை யாரும் ஒரு நாள் காலையில் மூடிவிட முடியாது. இங்கே ஒரு கம்பெனி உண்டாக்குகிறது, அதுவே மூடவும் செய்கிறது. ரிவால்வ் என்ற ஹப்பை (வீட்டுக் கருவிகளை ஒன்றாக இணைக்கும் பெட்டி) செய்த கம்பெனியை 2014-ல் நெஸ்ட் நிறுவனம் வாங்கியது. 2016 மே மாதம் அதன் சேவையை நிறுத்தியதும் காசு கொடுத்து வாங்கிய பெட்டி வெறும் பெட்டியாகிவிட்டது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற இன்னொரு கம்பெனியின் சர்வர்கள் முன்னறிவிப்பே இல்லாமல் நின்றன. ‘மண்டலம்’ என்று சொன்னால் இந்த ஆபத்து கண்ணிலேயே படாது. இயற்கையாக அமைந்த ஒன்று போலத் தோன்றிவிடும்.

> பட்டி. உள்ளே போன ஆடு தானாக வெளியே வராது.

அண்ணா, காங்கேயத்துக்காரர் சொல்லவேண்டிய சொல்லைத்தான் சொல்லியிருக்கீங்க. சுருக்கென்று தைக்கிறது. ஆனால் கலைச்சொல் ஒரு பொருளுக்குப் பெயர் வைக்கணும், தீர்ப்பு எழுதக்கூடாது. தவிர, மதுரைப் பக்கம் போனால் பட்டி என்பது ஊர்ப்பெயர். இன்னொரு குறையும் உண்டு, அதற்குக் கீழே வருகிறேன்.

> இணக்கவட்டம்.

என் ஓட்டு இதற்குத்தான். கணினித்தமிழில் இணக்கம் என்ற சொல் முன்பே புழங்குகிறது. ஒன்றோடொன்று ஒத்துப்போகும் கருவிகளின் வட்டம் என்று சொல்லைப் பார்த்தவுடனே புரியும். அதைவிடப் பெரிய காரணம், இரண்டு வட்டங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ள முடியும் என்பது. பள்ளிக்கூடத்தில் கணங்களுக்கு வரைந்த படம்தான். இன்றைய நிலைமையும் அதுவே. மேட்டர் என்ற பொது நெறிமுறையின் (வெவ்வேறு கம்பெனிக் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான விதிகள்) முதல் பதிப்பு 2022 அக்டோபரில் வந்தது. அதை ஏற்ற ஒரு பல்பை ஆப்பிள் ஹோமிலும் கூகுள் ஹோமிலும் ஒரே நேரத்தில் சேர்த்துவைக்கலாம். வீட்டில் அப்பாவிடம் ஆண்ட்ராய்டு, மகளிடம் ஐபோன் என்றாலும் இருவரும் அதே பல்பை அணைக்கலாம். ஓர் ஆடு இரண்டு பட்டியில் நிற்காது அண்ணா. ஒரு பல்பு இரண்டு வட்டத்தில் இருக்கும்.

சொல் வாயில் ஓடுகிறதா என்றும் பார்த்தேன். கோபியில் எங்கள் சொந்தக்காரர் ஒருவர் வீட்டின் ஸ்மார்ட் கருவிகள் எல்லாவற்றையும் முதலிலிருந்து போடுகிறார். முன்பு வாங்கிய செட்டுக்கு அந்தக் கம்பெனி ஆப்பையே நிறுத்திவிட்டது. வயர்மேன் ஒரு சுவிட்ச் பாக்ஸைக் கழற்றினார். உள்ளே ஃபேஸ் ஒன்று, விளக்குக்குப் போகும் வயர் ஒன்று, அவ்வளவுதான். நியூட்ரல் (மின்சாரம் திரும்பிப் போகும் வயர்) இல்லை. பெரும்பாலான ஸ்மார்ட் சுவிட்ச்களுக்கு அது வேண்டும், ஆகவே எந்த வட்டம் என்று பேசுமுன் நியூட்ரல் இழுக்கணும் என்று முடிவாயிற்று. (கையேட்டில் இதை முதல் பக்கத்திலேயே போடணும்.) அப்புறம் பல்பின் அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இந்த பல்பு எந்த வட்டத்துல சேரும்ங்க?” என்று வயர்மேனே கேட்டார். பேச்சில் ‘இணக்க’ உதிர்ந்து ‘வட்டம்’ மட்டும் நிற்கிறது. நல்லதுதான்.

தாலுகாவும் வட்டம்தானே, குழம்பாதா என்று கேட்டிருந்தார்கள். பெருந்துறை வட்டத்தையும் பல்பு வட்டத்தையும் யாரும் மாற்றிப் புரிந்துகொள்ளப் போவதில்லை.

ஹோம் அசிஸ்டன்ட் என்ற மென்பொருள் போலச் சொந்தக் கணினியில் ஓடுவதையும் இணக்கவட்டம் என்றே சொல்லலாம். அங்கே வட்டத்துக்கு உரிமையாளர் வீட்டுக்காரர். நெட் போனாலும் விளக்கு எரியும். கரண்ட் போகிற ஊரில் விளக்குகளோடு அந்தக் கணினியையும் ரவுட்டரையும் இன்வெர்ட்டரில் போட்டுவிட்டால் போதும். இதை ‘வீட்டு இயக்கம்’ என்றும், கம்பெனி சர்வர் வழியாகப் போவதை ‘தொலை இயக்கம்’ என்றும் பிரிக்கலாம். வாங்குபவர் கடையில் கேட்கவேண்டிய முதல் கேள்வியே இதுதான் என்பதால், இந்த இரண்டு சொல்லும் இல்லாமல் கையேடு நிற்காது.

நம் தோட்டங்களில் செல்போனில் கூப்பிட்டு போர் மோட்டாரைப் போடும் ஸ்டார்ட்டர் எப்போதோ வந்துவிட்டது. அது பெரும்பாலும் சிம் கார்டோடு தனியாக நிற்கும், எந்த வட்டத்திலும் சேராது. அதற்கு ‘தனிக்கருவி’ என்று எழுதியிருக்கிறேன்.

கடைசியாக, மேட்டரில் வரும் ஃபேப்ரிக். சென்னிமலை நண்பர்கள் ‘நெசவு’ என்று எழுதியிருந்தார்கள். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் அங்கே பேச்சு துணியைப் பற்றியதல்ல. ஒரே மூலச் சான்றிதழை (கருவிகளின் டிஜிட்டல் அடையாளங்களுக்கு அடிப்படையான சான்று) நம்பும் கருவிகளின் குழு அது. ஒரு கருவி குறைந்தது ஐந்து ஃபேப்ரிக்குகளில் சேர இடம் தரணும் என்பது விதி. ‘நம்பகக் குழு’ என்று வைக்கலாம் என்பது என் எண்ணம். இணக்கவட்டம் வாங்குபவருக்கான சொல், நம்பகக் குழு கருவிக்குள் நடப்பதற்கான சொல். இரண்டையும் கலக்க வேண்டாம்.

வெள்ளிக்கிழமைக்குள் யாரும் மறுக்கவில்லை என்றால் இரண்டாம் அத்தியாயத்தில் இணக்கவட்டம் என்றே மாற்றிவிடுகிறேன். அண்ணா, பட்டிக்கு இன்னும் வாதம் இருந்தால் அதற்குள் எழுதிருங்க.